பொட்டு இருந்த இடம்

படத்தை ஒரு பழைய கைலியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்துப் பிரித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது மலை இல்லை, குங்குமம். கண்ணாடியின் மேல், இடது பக்கமாக, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வருஷக்கணக்கில் ஏறி ஏறி மேடு தட்டியிருந்தது. சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். பிள்ளையாருக்கு, முருகனுக்கு, செத்துப்போன தாத்தாவுக்கு நெற்றியில் பொட்டு இருக்கும். வெறும் மலைக்குப் பொட்டு வைத்து அதுவரை நான் பார்த்ததில்லை.

“மாஸ்டர், இது நீங்க வரைஞ்சதுதான?”

வலது மூலையில் என் கையெழுத்து. பக்கத்தில் 91 என்று வருஷம். அப்போதெல்லாம் கையெழுத்தைப் படத்தைவிடக் கஷ்டப்பட்டுப் போடுவேன்.

“பொன்முடி எஸ்டேட்டு. அப்பா டீ பேக்டரியில இருந்தாரு. நான் ஒங்களுக்குக் கட்டஞ்சாயா கொண்டாந்து குடுத்தேன். ஞாபகம் இருக்கா அண்ணே?”

சாயா ஞாபகம் இருந்தது. கொண்டுவந்த பதினைந்து வயதுப் பெண்ணின் முகம் ஞாபகம் இல்லை. அவருக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. விதுராவில் தையல் வேலை. அப்பா இறந்து பல வருஷமாகிறது. படம் பூஜைத் தட்டில் ராமர் பட்டாபிஷேகத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. போன மழைக்குச் சுவரில் ஓதம் ஏறி, படம் முழுக்கப் பூத்துவிட்டது.

“இத மறுபடி வரைஞ்சு தரணும். அதே மாதிரி.”

இது 2023 ஆடி மாதம். ‘அதே மாதிரி’ என்ற இரண்டு சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு ஏழு மாதம் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

அவர் போனதும் சட்டத்தைப் பிரித்தேன். ஒரு படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தால் அதைச் சட்டம் போட்டவனின் யோக்கியதை தெரிந்துவிடும். இதைப் போட்டவன் நான்தான். பின்னால் ஸ்ட்ராபோர்டு வைத்திருந்தேன். வைக்கோல் கூழில் செய்த அந்த அட்டையில் அமிலம் உண்டு. கூட இருக்கிற காகிதத்தையும் மெதுவாகப் பழுப்பாக்கும். அட்டைக்கும் படத்துக்கும் நடுவே செய்தித்தாள். ஒட்டியது மைதாப் பசையில். அது ராமபாணப் பூச்சிக்குச் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக மவுண்ட் வைக்கவில்லை. மவுண்ட் என்றால் அழகுக்குச் சுற்றிலும் விடுகிற அட்டை என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி காகிதத்தைத் தொடாமல் இருக்கத்தான் அது. தொட்டால், ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே வேர்க்கும். கண்ணாடியைத் தூக்கியபோது ஒரு மூலையில் புல்லின் நிறம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இருபத்துநாலு வயதில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

வானம் அழுக்கு மஞ்சளாக இருந்தது. நான் வரைந்தது ரோஜா நிறம். எப்படித் தெரியும் என்றால், சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்கு அந்த ரோஜா அப்படியே இருந்தது. வெளிச்சம் படாத இடம். கிரிம்ஸன் லேக் என்ற நிறம் அது. பார்க்க ஜொலிக்கும், வெளிச்சத்தில் நிற்காது. இது ரகசியம்கூட இல்லை. 1888இலேயே ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் இங்கிலாந்தில் நீர்வண்ணங்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். வெளிச்சம் மட்டுமே குற்றவாளி இல்லை, காற்றும் ஈரமும் சேர்ந்தால்தான் பெரும்பாலான நிறங்கள் சாகும் என்பது அவர்கள் கண்டது. காற்றை எடுத்துவிட்ட குழாயில் பல நிறங்கள் பிழைத்துக்கொண்டன. அந்தம்மா வீட்டுச் சுவரில் மூன்றுக்கும் குறைவில்லை.

எனக்கு ஊர் விக்கிரமசிங்கபுரம். பாபநாசம் அருவிச் சத்தம் கேட்கிற தூரம். அப்பா ஆலைத் தொழிலாளி. பொதிகை எங்களுக்குக் கொல்லைப்புறத்து மலை. காலையில் எழுந்தால் மேற்கே நிற்கும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் திருவனந்தபுரத்துக்கு வந்து சாலையில் ஒரு படக்கடையில் சேர்ந்தேன். முதலாளி ஆலப்புழைக்காரர். ரவிவர்மா படங்களின் பிரிண்ட்டுக்குச் சட்டம் போடுவதுதான் அங்கே பாதி வேலை. லட்சுமியும் சரஸ்வதியும் அடுக்கடுக்காகக் கிடப்பார்கள். ரவிவர்மாவுக்கே முதலில் கைப்பழக்கம் நீர்வண்ணத்தில்தான், அதுவும் இந்த ஊர் அரண்மனையில் இருந்த ராமசாமி என்ற தமிழ் ஓவியர் வழியாக என்று முதலாளி சொல்லுவார். “எண்ணெய் வர்ணத்தை மட்டும் உங்கள் ஆள் சொல்லித் தரவில்லை” என்று சேர்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மியூசியம் வளாகத்துக்குப் போவேன். 1935இல் திறந்த சித்ரா கேலரியில் ரவிவர்மாவின் தம்பி ராஜராஜ வர்மாவின் இயற்கைக் காட்சிகள் முன்னால் நிற்பேன். அண்ணனின் தேவிகள் முன்னால் கூட்டம். தம்பியின் மரங்கள் முன்னால் நான் மட்டும்.

கடைக்கு ஒருமுறை டேனியல்களின் பிரிண்ட் ஒன்று வந்தது. தாமஸ், வில்லியம் என்ற வெள்ளைக்காரச் சித்தப்பனும் அண்ணன் மகனும் 1792இல் தெற்கே வந்து வரைந்ததில் எங்கள் பாபநாசம் அருவியும் உண்டு. கேமரா அப்ஸ்கூரா என்ற பெட்டி வழியாகப் பார்த்துக் கோடு இழுத்துப் போய், லண்டனில் அச்சிட்டு, கையால் நீர்வண்ணம் தீட்டி விற்றார்கள். நான் குளித்த அருவியைக் கண்ணாடிக்குள் வைத்து ஆணி அடித்தபோதுதான் எனக்கும் மலை வரைய வேண்டும் என்று வந்தது. பொதிகைக்குத் திரும்பிப் போக லீவு கிடையாது. அதன் மேற்குப் பக்கத்துக்குப் போகத் தம்பானூரிலிருந்து பஸ் இருந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரா, கல்லாறு. கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவு. கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டர்தான்; ஊட்டியோடு ஒப்பிட்டால் பாதி உயரம். ஆனால் அரபிக்கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று முதலில் முட்டுகிற சுவர்களில் ஒன்று என்பதால் நினைத்த நேரத்தில் மூடிக்கொள்ளும். மலையாளத்தில் மஞ்சு என்றால் மூடுபனி; பழைய தமிழில் மஞ்சு என்றால் மேகம். பொன்முடியில் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க முடியாது.

1991 நவம்பரில் ஒரு ஞாயிறு. சாலையோரம் ஒரு பாறையில் உட்கார்ந்து தாளை விரித்தேன். மனதில் வைத்துக்கொண்டு போனது அகத்தியர்கூடம், 1,868 மீட்டர். என் ஊர்ப் பொதிகையின் தலை. பொன்முடியிலிருந்து தென்கிழக்கே தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் மஞ்சைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. காலில் அட்டை ஏறியதுதான் மிச்சம். கிட்டத்து மலைமுகட்டையும் புல்லையும் வரைந்துவிட்டுச் சுண்ணாம்பு கேட்டுப் பக்கத்து லயத்துக்குப் போனேன். அங்கேதான் அந்தம்மாவின் அப்பாவைப் பார்த்தேன். பேச்சிலேயே அம்பாசமுத்திரம் பக்கம் என்று தெரிந்துவிட்டது. அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன்.

தேயிலைத் தூசியில் நெஞ்சு கெட்டவர். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்லுவார். படத்தை வாங்கிப் பார்த்தார்.

“மலைய எங்க?”

“தெரியலியே அண்ணாச்சி. மூடிக்கெடக்கு.”

“தெரியாட்டி என்ன? இருக்குல்லா.” வாசல்படியிலிருந்து கையை நீட்டினார். எதிர் முகட்டில் ஒரு பள்ளம். அதற்கு நேர் மேலே வெள்ளையில் விரலைக் குத்தினார். “அந்தா, அந்த எடம். தெனம் கும்பிடுதேன் தம்பி, எனக்குத் தெரியாதா? ஏறிப் போவணும்னு ஆசை. நெஞ்சு விடாது. போடு.”

போட்டேன். பார்க்காத மலையைப் போட்டேன். உருவம் எதிலிருந்து வந்தது என்றால் விக்கிரமசிங்கபுரத்து வயல்வெளியிலிருந்து. கிழக்கேயிருந்து பார்த்த முதுகை மேற்கேயிருந்து பார்க்கும் முகம் என்று வரைந்தேன். நிறம் பிரஷ்யன் ப்ளூ. அடுத்த மாதம் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வாங்க மனம் வரவில்லை. ஒரு கிலோ தேயிலைத் தூள் கொடுத்தார். முதலாளி வீட்டில் பாதியை எடுத்துக்கொண்டார்கள்.

ஆவணியில் அவர் மகள் போன் செய்தார். “என்னண்ணே, மேல பெயின்ட் அடிச்சு சரி பண்ண முடியாதா? கோயில்ல எல்லாம் பண்ணுதாங்களே?”

கேட்டதில் தவறில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் வருகிறது. கோபுரத்துப் பொம்மைகள் எல்லாம் புது எனாமலில் பளபளக்கின்றன. பழைய நிறம் எதுவென்று யாரும் கேட்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தில் புதிதாகச் சாந்து பூசி வரைந்துவிட்டார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கருவறையைச் சுற்றிய இருட்டு வழியில் விளக்கோடு போய்ப் பார்க்கும்வரை கீழே ஒரு உலகம் இருப்பது வெளியே தெரியாது. பிறகு தொல்லியல் துறைக்காரர்கள் மேல் அடுக்கைத் தனியாக உரித்து ஃபைபர் கிளாஸ் பலகையில் ஒட்டி, இரண்டையும் காப்பாற்றினார்கள். சுவருக்கு அந்த வசதி உண்டு. எண்ணெய் வர்ணத்துக்கும் உண்டு. நேற்றுப் போட்ட மூக்குப் பிடிக்கவில்லையென்றால் இன்றைக்கு அதன் மேலேயே வேறு மூக்கு வைக்கலாம்.

நீர்வண்ணத்தில் அது நடக்காது. நிறப்பொடியும் பிசினும் தண்ணீரும்தான் சரக்கு. காய்ந்தபின் அது ஒரு தோல் மாதிரி இருக்காது. காகிதத்தின் நாருக்குள் உட்கார்ந்த கறை மாதிரி இருக்கும். மேலே எதைப் போட்டாலும் கீழே இருப்பது தெரியும். மஞ்சள் மேல் நீலம் போட்டால் நீலம் வராது, பச்சை வரும். வெள்ளை வேண்டும் என்றால் காகிதத்தை விட வேண்டும். வெள்ளைக்கு டியூப் விற்கிறார்கள்தான். அதை எடுக்கிறவன் கையில் முதலாளி தட்டுவார். “மஞ்சை வரையாதே, விட்டு வை” என்பார். மூடுபனியை வரைவது எப்படி என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன். மலையின் மேல்கோட்டை இழு, காய்வதற்குள் கீழ்க்கோட்டைச் சுத்தத் தண்ணீரால் தொடு, கையை எடு. நிறம் தண்ணீருக்குள் போய்க் கரைந்து நிற்கும். அங்கே நீ செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதைக் கை ஒத்துக்கொள்ள ஐந்தாறு வருஷம் ஆகும். ஒத்துக்கொள்ளாத கை இன்னும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கும். பாதி காய்ந்த நிறத்தில் புதுத் தண்ணீர் ஏறிப் பூக்கோசு மாதிரி விரியும். அதை அழிக்க இன்னொரு தடவை தொடுவோம். அதற்குள் படம் போயிருக்கும்.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று கேட்டால், கடை திறக்கும்போது ஊதுபத்தி ஒன்று கொளுத்துவேன். அவ்வளவுதான். அப்பா போன பிறகு ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்குப் போனது இரண்டே வருஷம். ஆனால் ஈரத் தாள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த இரண்டு நிமிஷம் இருக்கிறதே, கோயிலில் கண் மூடி நிற்கிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மேலே அடிக்க முடியாது, ஆனால் போட்ட நிறத்தை எடுக்கலாம். பிரஷைத் தண்ணீரில் நனைத்து, உதறி, நிறத்தின் மேல் மெதுவாகத் தடவி, அரை நிமிஷம் பொறுத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. அல்ட்ராமெரின் நல்ல பிள்ளை. கேட்டதும் எழுந்து வந்துவிடும். எதிர் முகடு அதில் வரைந்தது, முக்கால்வாசி வந்தது. புல்லின் பழுப்பும் வந்தது. பூஞ்சை தின்ற இடங்களில்தான் தண்டனை: காகிதத்துக்குப் போட்டிருந்த பசையைப் பூஞ்சை தின்றிருந்ததால் தண்ணீர் பட்டதும் ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சியது. அகத்தியர்கூடம் மட்டும் அசையவில்லை. பிரஷ்யன் ப்ளூ நாரைக் கவ்விக்கொள்ளும் சாதி. நான்கு தடவை ஒற்றினேன். ஐந்தாவது தடவை காகிதத்தில் மயிர்க்கால் மாதிரி நார் எழும்பியது. நிறுத்திவிட்டேன். முழுப் படமும் வெளிறிப் போய், அந்த ஒரு கூம்பு மட்டும், அதுவும் மங்கலாக, அந்தரத்தில் நின்றது. வெளிச்சத்தில் முப்பது வருஷம் இருந்ததில் அதுவும் பாதி சோர்ந்திருந்தது.

வெட்கமாக இருந்தது. அமிலமில்லாத தாளில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். போன் வந்தால், “மழை விடட்டும்மா” என்றேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் அப்படியே போயின.

மார்கழியில் வேறு எதையோ தேடி இழுப்பறையைத் திறந்தேன். படத்தைப் பிரித்துப் பார்த்தால் மலை கொஞ்சம் கருத்திருந்தது. ட்யூப்லைட் கோளாறு என்று நினைத்து வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கருத்திருந்தது. ஆடியில் மொபைலில் எடுத்த போட்டோவோடு வைத்துப் பார்த்தேன். போட்டோவை நம்பக் கூடாது என்று தெரியும். ஆனாலும் வித்தியாசம் இருந்தது.

இதற்கு விளக்கம் உண்டு, அற்புதம் ஒன்றுமில்லை. பிரஷ்யன் ப்ளூ இரும்பிலிருந்து வருகிற நிறம். வெளிச்சத்தில் அந்த இரும்பு நிலை மாறி வெளிறும். இருட்டில் வைத்தால் காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு இழந்ததில் ஒரு பங்கைத் திரும்பப் பெறும். இப்படித் திரும்பி வருகிற நிறம் பெட்டியில் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. பிறந்ததே விபத்தில்தான். 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் டீஸ்பாக் என்றொருவர் சிவப்புச் சாயம் காய்ச்சப் போய், சேர்த்த பொருளில் கலப்படம் இருந்ததால் நீலம் கிடைத்தது. இதையெல்லாம் நான் எப்போதோ படித்தவன்தான். படித்தது வேறு, மேசை இழுப்பறைக்குள் பார்ப்பது வேறு. அன்று சாயங்காலம் அந்தம்மாவுக்கு நானே போன் செய்தேன். “தை மாசம் வானம் தெளிவா இருக்கும். பொன்முடிக்குப் போயிட்டு வருவோமா?”

2024 ஜனவரியில் போனோம். நான் காலை முதல் பஸ்ஸில் ஏற, விதுராவில் அவர் ஏறிக்கொண்டார். கல்லாறு செக்போஸ்ட்டில் டிக்கெட். அகத்தியர்கூடத்துக்கு இந்தப் பருவத்தில் வனத்துறை பாஸ் கொடுத்துப் போனக்காடு வழியாக ஏற விடும். வழியில் அதைப் பற்றிப் பேசினோம். முன்பெல்லாம் பெண்களை விடமாட்டார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2019 ஜனவரியில்தான் முதல் பெண் ஏறினார்.

“நீங்க போகலியா?”

“அப்பா பேரச் சொல்லிப் போவணும்னுதான் இருந்தேன். கோர்ட்டு விட்டப்போ முட்டு விடல” என்று சிரித்தார்.

லயத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் காடு ஏறியிருந்தது. வரிசை வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. அவர் வீட்டுக்குச் சுவர் இடுப்பளவு நின்றது. வாசல்படிக் கல் மட்டும் அப்படியே இருந்தது. அதில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தார். பத்து மணி இருக்கும். ஒரு பொட்டு மேகம் இல்லை. எதிர் முகட்டில் அந்தப் பள்ளம். பள்ளத்துக்கு நேர் மேலே, துடைத்து வைத்தது போல, அகத்தியர்கூடம்.

அப்பா விரல் குத்திய இடத்தில் இம்மி பிசகில்லை. அவர் அந்தக் கல்லில் நின்றபடியே குனிந்து கும்பிட்டார். நான் மூச்சு விட்டேன். முப்பத்திரண்டு வருஷப் பொய் உண்மையாகிவிட்டதே என்று ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. தாளை விரிக்க என் பழைய பாறையைத் தேடிப் போனேன். அடியில் ஒரு பிளவு உண்டு, அதை வைத்துக் கண்டுபிடித்தேன். உட்கார்ந்து நிமிர்ந்தால் பள்ளத்துக்கு மேலே வெறும் வானம். மலை வலது பக்கம் வெகுதூரம் தள்ளி, வேறொரு முகட்டின் தோளுக்குப் பின்னால், என் படத்தில் நான் கையெழுத்துப் போட்ட மூலைக்கு நேர் மேலே நின்றது. உருவமும் நான் வரைந்த கூம்பு இல்லை. ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை, மறுபக்கம் சரிவு.

கணக்கு எளிது. மலை இருபது கிலோமீட்டர் தூரத்தில், முகடு பக்கத்தில். பார்க்கிறவன் இருநூறு அடி நகர்ந்தால் முகடுதான் நகரும். அண்ணாச்சி வாசல்படியிலிருந்து காட்டினார். நான் பாறையில் உட்கார்ந்து வரைந்த காட்சிக்குள் அதைக் கொண்டுபோய்ச் சொருகினேன். அவர் சொன்னது சரி. நான் வரைந்த புல்லும் முகடும் சரி. படம் தப்பு.

இதை எப்படிச் சொல்வது? தினமும் விளக்கேற்றிப் பொட்டு வைத்த இடத்தில் மலையே இல்லை என்று? ‘அதே மாதிரி’ என்று கேட்டவருக்கு அதே பொய்யை நல்ல காகிதத்தில், வெளிறாத நிறத்தில், மவுண்ட் வைத்துச் செய்து கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அல்லது வாசல்படியிலிருந்து வரையலாம். பொட்டும் மலையும் ஒத்துப்போகும். ஆனால் அது அந்தப் படம் இல்லை. இப்படி மூன்றுநாலு யோசனை. அதற்குள் அவர் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார். கண் இருக்கிறவர்தானே, பார்த்துவிட்டார்.

“இங்கேருந்து அங்க தெரியுது, என்னண்ணே?”

“ஆமாம்மா. அன்னைக்கு மஞ்சு. அப்பா சொன்னத வச்சு...”

“அது சரி. நீங்க இங்கதான உக்காந்தீங்க? இங்கேருந்து எங்க தெரியுதோ அங்க போடுங்க.”

“பொட்டு வச்ச எடம்...”

“பொட்ட நான் மாத்தி வச்சுக்கிடுதேன்.” முந்தானையில் முடிந்திருந்த கடலை மிட்டாயை எடுத்துப் பாதி உடைத்துக் கொடுத்தார். “மலையவா மாத்த முடியும்?”

ஏழு மாதம் நான் சுமந்ததை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் இறக்கி வைத்துவிட்டார். நம்புகிறவர்களைப் பற்றி என்னைப் போன்ற ஊதுபத்திக்காரர்களுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு: அவர்கள் பிடித்த பிடியை விடமாட்டார்கள் என்று. பிடித்துக்கொண்டு நின்றது நான்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கேயே பென்சிலில் கோடும் சின்னதாக இரண்டு நிறக்குறிப்பும் எடுத்துக்கொண்டு வந்து கடையில் வரைந்தேன். பஞ்சில் செய்த 300 ஜிஎஸ்எம் காகிதம், பழைய அளவு. பதினோரு தாள் போனது. முதல் நான்கும் 1991ஐப் பார்த்து எழுதிய காப்பி; கோடு சரியாக இருக்கும், தண்ணீர் ஓடியிருக்காது. அன்று பயமில்லாமல் விட்ட தண்ணீரை இன்று தெரிந்து விட முடியவில்லை. ஐந்தாவதிலிருந்து பழைய படத்தைப் பார்ப்பதை நிறுத்தினேன். டர்னர் 1842இல் லூசர்ன் ஏரியிலிருந்து ரிகி மலையை மூன்று தடவை வரைந்தார்: ஒன்று நீலம், ஒன்று சிவப்பு, ஒன்று இருட்டு. ஒன்றுக்கொன்று காப்பி இல்லை. நீல ரிகியை 2007இல் டேட் கேலரி ஜனங்களிடம் நன்கொடை திரட்டி வாங்கியது. அவ்வளவு பெரிய ஆளே ஒரு மலையை மூன்று தாளில் தேடியிருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நாங்கள் பார்த்தது தெளிந்த வானம். ஆனால் தெளிந்த வானத்தோடு வரைந்த தாள்கள் எல்லாம் காலண்டர் மாதிரி வந்தன. பதினோராவதில் மஞ்சை விட்டேன். இடது பக்கம், பள்ளத்துக்கு மேலே, பழைய கூம்பு இருந்த இடம் முழுக்க வெறும் காகிதம். வலது ஓரத்தில் மட்டும் உண்மையான மலை, செங்குத்துப் பக்கம் கொஞ்சம் அழுத்தி, சரிவுப் பக்கம் கரைந்து. வானத்துக்கு ரோஜா வைத்தேன், இந்தத் தடவை வெளிச்சத்துக்கு நிற்கிற குவினாக்ரிடோன். மலைக்கு வெளிறாத நீலங்கள் இரண்டு மூன்று கைவசம் இருந்தும் பிரஷ்யன் ப்ளூவைத்தான் எடுத்தேன். வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், சொன்னேன். “வெளிறுனா ரெண்டு மாசம் பீரோக்குள்ள வைங்க” என்றேன். மருந்துச் சீட்டு மாதிரிக் கேட்டுக்கொண்டார்.

மாசியில் வந்தார். கண்ணாடி மட்டும் பழையதே வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார், அப்பா கை பட்டது என்று. உள்பக்கம் துடைத்து, வெளிப்பக்கத்தைத் தொடாமல், மவுண்ட் வைத்து, அமிலமில்லாத அட்டை வைத்து மூடியிருந்தேன். பழைய படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது ஒங்ககிட்டயே கெடக்கட்டும், மழைக்கு எங்க வீடு தாங்காது” என்றார். அது இப்போதும் இழுப்பறையில்தான் இருக்கிறது.

பிறகு சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியில் மேடு தட்டியிருந்த பொட்டைத் தேய்த்தார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. என்னிடமிருந்த ஸ்பிரிட்டையும் கொடுத்தேன். குங்குமம் போனது, எண்ணெயும் சந்தனமும் வருஷக்கணக்கில் உட்கார்ந்த இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் மட்டும் போகவில்லை. அதற்குப் பின்னால் நான் விட்டு வைத்த வெள்ளை. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, மோதிர விரலால் தொட்டு, படத்துக்கு முன்னால் குனிந்து, மலை எங்கே என்று ஒரு நொடி தேடினார். வலது பக்கம் போய்ச் சின்னதாக வைத்தார்.

“எவ்வளவுண்ணே?”

“பீடிங்குக்கும் அட்டைக்கும் குடுங்க, போதும்.”

“கண்ணாடி எங்களது” என்று ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார். விதுரா பஸ்ஸுக்கு நேரமாயிற்று. கைலியில் சுற்றும்போது புதுப் பொட்டு அழியாமல் இருக்க, அந்த இடத்தில் மட்டும் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார்.